அடுக்குமாடி வீட்டுக்கு டிஜிட்டல் பியானோ: முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு, வடவள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடி வீடுகள்தான். திருப்பூர் அவிநாசி சாலையிலும் ஈரோடு பெருந்துறை சாலையிலும் அப்படியே. அந்த வீடுகளில் பியானோ கற்கும் பிள்ளைகளும், வேலை முடிந்து வந்து இரவில் கற்கும் பெரியவர்களும் இப்போது அதிகம். "88 கட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார். எதை வாங்குவது, வீட்டில் எங்கே வைப்பது, கீழ் வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமல் எப்படி வாசிப்பது என்பதெல்லாம் அதன் பிறகு வாங்குபவரின் பாடாகிவிடுகிறது.

ஹெட்போன் மாட்டிவிட்டால் சத்தமே வெளியே போகாது என்று நம்பித்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஸ்பீக்கரின் ஒலி நின்றுவிடும். ஆனால் விரல் பட்டு ஒவ்வொரு கட்டையும் அடித்தட்டில் மோதும்போது எழும் அதிர்வு நிற்காது. அது ஸ்டாண்டின் கால் வழியாகத் தரையில் இறங்கி, கான்கிரீட் தளத்தின் வழியாகக் கீழ் வீட்டுக் கூரையில் கேட்கும். வாசிப்பவர் காதில் இசை. கீழே படுத்திருப்பவர் காதில் யாரோ விடாமல் கூரையைத் தட்டும் ஓசை. ஆகவே அடுக்குமாடியில் இருப்பவர் ஒரு பியானோவின் ஒலியை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. ஒலி இல்லாதபோது அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது இதைத்தான்.

கம்பி வைத்த மரப் பியானோவை ஏன் வாங்கக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். சுவரோரம் நிறுத்தும் சாதாரண வகையே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒலியைக் குறைக்கும் குமிழ் அதில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர்க் காற்று. மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் காற்று, ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு வீசத் தொடங்கும். ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே உள்ள மரப்பலகை விரிந்து சுருங்கும். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகளின் சுருதியும் அதோடு நகரும். சுருதி சேர்க்கத் தெரிந்தவரை ஆண்டுதோறும் அழைத்தாக வேண்டும். டிஜிட்டல் பியானோவுக்கு இந்தக் கவலை இல்லை. தனி வீடும் வசதியும் இருந்தால் மரப் பியானோவுக்கு ஈடு கிடையாது. அடுக்குமாடிக்கு டிஜிட்டல்தான் சரி.

1. யார் வாசிக்கப் போகிறார், எதை வாசிக்கப் போகிறார்?

கடைக்குப் போகும் முன்பே இதற்கு விடை வேண்டும். இதில் தெளிவில்லாமல் வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் விற்கப் பார்க்கிறார்கள்.

மேற்கத்திய பியானோவை முறையாகக் கற்று, டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் இசைத் தேர்வு அமைப்புகளின் தேர்வுகளை எழுதும் எண்ணம் இருந்தால், 88 கட்டைகள், சுத்தியல் அமைப்பு (அடுத்த பகுதியில் விளக்குகிறேன்), காலால் மிதித்து ஒலியை நீட்டும் பெடல் ஆகிய மூன்றும் வேண்டும். 61 கட்டைக் கீபோர்டில் தொடங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது பலர் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எடையே இல்லாத கட்டையில் பழகிய விரல், மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பெரிய ஒலி என்ற கட்டுப்பாட்டைக் கற்காமலே வளர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பின்னால் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

கர்நாடக இசையைக் கீபோர்டில் கற்கப் போகிறார்கள் என்றால் கதை வேறு. கமகத்துக்காக ஸ்வரத்தை வளைத்து இழுக்கும் ஒரு சக்கரம் கீபோர்டுகள் பலவற்றில் இடப்பக்கம் இருக்கும். ஆரம்ப நிலை டிஜிட்டல் பியானோக்களில் அது பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட மாணவருக்கு 88 கட்டைப் பியானோ வாங்குவது வீண் செலவு. சக்கரம் உள்ள 61 கட்டைக் கீபோர்டே பொருத்தம். முடிவெடுக்கும் முன் ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

சினிமாப் பாட்டு, பஜனை, தேவாலயப் பாட்டு என்று பிறர் பாடுவதற்குத் துணையாக வாசிப்பவர்கள் 'டிரான்ஸ்போஸ்' வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருதியின் உயரத்தையும் கட்டை என்றே சொல்வார்கள். பாடுபவர் ஐந்து கட்டைச் சுருதி என்றால் அது மேற்கத்திய முறையில் 'ஜி'. ஒரு கட்டை என்றால் 'சி'. இந்த வசதி இருந்தால் விரல் பழகிய இடத்திலேயே வாசித்து, வேறு சுருதியில் ஒலிக்கவைக்கலாம். பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களில் மேலே ஆறு, கீழே ஆறு அரைச்சுரம் (வெள்ளை, கறுப்பு இரண்டையும் எண்ணினால் அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) வரை நகர்த்த முடியும்.

2. கட்டைக்குள் என்ன நடக்கிறது?

1700-ஆம் ஆண்டுவாக்கில் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த கருவியில் தொடங்கி இன்றுவரை பியானோவின் உயிர் ஒன்றுதான்: கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் கம்பியை நோக்கி வீசப்படுகிறது. வீசும் வேகம் கூடினால் ஒலியும் கூடும். டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது. ஆனால் நல்ல கருவியில் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் சுத்தியலுக்கு ஈடான ஓர் எடை இருக்கும். கட்டை இறங்கும் வழியில் இரண்டு அல்லது மூன்று உணரிகள் இருக்கும். முதல் உணரியைத் தொட்டதற்கும் அடுத்ததைத் தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைக் கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. மூன்று உணரி இருந்தால், கட்டை முழுதாக மேலே வருவதற்குள் அதே ஸ்வரத்தை மீண்டும் அடித்தாலும் பிசகாமல் ஒலிக்கும்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'டச் சென்சிட்டிவ்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் எடை உள்ள கட்டை என்று பொருள் இல்லை. விரல் வேகத்துக்கேற்ப ஒலி மாறும் என்பது மட்டுமே அதன் பொருள். அடியில் வெறும் ஸ்பிரிங் இருக்கலாம். 'செமி வெயிட்டட்' என்பதும் ஸ்பிரிங்தான், சற்று இறுக்கமானது, அவ்வளவே. நமக்கு வேண்டியது, மேலே சொன்ன சுத்தியல் எடை உள்ள 'ஹேமர் ஆக்‌ஷன்'. அதிலும் இடக்கைப் பக்கம் கனமாகவும் வலக்கைப் பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும் வகை, மரப் பியானோவை ஒத்திருக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்பதற்கு 64, 96, 192, 256 என்று எண்கள் போட்டிருப்பார்கள். பெடலை அழுத்தியபடி வாசிக்கும்போது முந்தைய ஸ்வரங்களும் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும். எண் குறைவாக இருந்தால் பழையவை அறுந்துபோகும். தொடக்க ஆண்டுகளுக்கு 64 போதும். ஐந்நூறு வகை வாத்திய ஒலி இருக்கிறது, தாளம் தானாகப் போடும் என்பதெல்லாம் பியானோ கற்பவருக்குத் தேவையே இல்லாதவை. அதே பணத்தைக் கட்டையின் தரத்தில் போடுங்கள்.

3. கடையில் வாசித்துப் பார்க்கும் முறை

இணையத்தில் விலை பார்க்கலாம். கட்டையைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஊரில் கிடைக்காத மாடல் என்றால் கோவைக்கு ஒரு நடை வருவது நல்லது. கடைக்காரருக்கு நேரம் இருக்கும் வார நாள் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் எதையும் காது கொடுத்துக் கேட்க முடியாது.

முதல் சோதனை: கருவியை அணைத்துவிடச் சொல்லுங்கள். அணைத்த நிலையில் ஒவ்வொரு விரலாலும் மெதுவாக, பிறகு வலுவாக, பிறகு வேகமாக வாசியுங்கள். அப்போது கேட்கும் 'தட் தட்' ஓசைதான் இரவு பத்து மணிக்கு ஹெட்போன் போட்டு நீங்கள் வாசிக்கும்போது பக்கத்து அறையில் கேட்கப்போவது. அணைத்தபடியே ஸ்டாண்டின் காலில் கை வைத்து, கூட வந்தவரை வலுவாக வாசிக்கச் சொல்லுங்கள். கையில் உணரும் அதிர்வுதான் கீழ் வீட்டுக்குப் போவது. கட்டை அடியில் போய் நிற்கும் இடத்தில் நல்ல கம்பளித் திண்டு வைத்த கருவியில் ஓசை மந்தமாக இருக்கும். மலிவான கருவியில் பிளாஸ்டிக்கின் மோதல் கூர்மையாகக் கேட்கும். கட்டை மேலே திரும்பி வரும்போது எழும் ஓசையையும் கவனியுங்கள். இறங்கும்போது அமைதியாக இருந்து, ஏறும்போது சடசடக்கும் கருவிகளும் உண்டு. இரண்டு மூன்று மாடல்களை அடுத்தடுத்து இப்படி ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே புரியும். விற்பனையாளர் சற்று விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும், அந்தக் கருவியோடு பத்து ஆண்டு குடியிருக்கப்போவது நீங்கள்தான்.

அடுத்து, கருவியை இயக்கி, ஒலியைப் பாதி அளவில் வைத்து, ஒரே ஒரு கட்டையை எவ்வளவு மெல்லியதாக ஒலிக்கவைக்க முடிகிறது என்று பாருங்கள். கேட்டும் கேட்காமலும் ஒலிக்கவைக்க முடிந்தால் நல்ல கருவி. பிறகு வெள்ளைக் கட்டையின் நுனியில் அழுத்துங்கள்; அதே கட்டையை உள்ளே, இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே அழுத்துங்கள். உள்ளே போகப் போகச் சற்றுக் கனக்கும், அது இயல்பு. அழுத்தவே முடியாத அளவுக்குக் கனத்தால் சிறு பிள்ளையின் விரல் சோர்ந்துவிடும். இடக்கோடிக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்து ஒலி எப்படித் தேய்கிறது என்று கேளுங்கள். மெல்ல மெல்லக் கரைய வேண்டும். சட்டென்று நின்றாலோ, ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுழல்வதுபோல் கேட்டாலோ, அது சிக்கனமாகச் செய்த கருவி.

கடைசியாக, ஹெட்போன் போட்டு இதே எல்லாவற்றையும் ஒருமுறை. சொந்த ஹெட்போனை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஸ்பீக்கரில் இனிமையாகக் கேட்கும் சில கருவிகள் ஹெட்போனில் வறண்டு ஒலிக்கும். அடுக்குமாடியில் முக்கால்வாசி நேரம் ஹெட்போன்தான் என்பதால், அந்த ஒலியே உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

4. எந்த மாடல்?

தொடக்க நிலையில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். யமஹா பி-145 சுமார் 11 கிலோ. கேசியோ சிடிபி-எஸ்110 இன்னும் சற்று லேசு, பத்தரைக் கிலோ. ஆறு பேட்டரி போட்டும் வாசிக்கலாம். ரோலண்ட் எஃப்பி-10 சற்றே கனம், 12.3 கிலோ, கட்டையில் மூன்று உணரிகள், தந்தம்போல் சொரசொரப்பான மேற்பரப்பு. வியர்க்கும் விரல் வழுக்காமல் இருக்க அந்தச் சொரசொரப்பு நல்லது. கரூர், ஈரோடு வெயிலில் அதன் அருமை தெரியும். இவை சுமார் 40,000 முதல் 60,000 ரூபாய்க்குள் அடங்கும். தள்ளுபடிக் காலத்தில் விலை மாறும். இதற்கு அடுத்த படியில் யமஹா பி-225, கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100, கவாய் இஎஸ்120, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் வரும். ஒலியும் ஸ்பீக்கரும் உயர்வாக இருக்கும்.

விரல் கட்டுப்பாடுதான் முதன்மை என்றால், முதலில் சொன்ன மூன்றில் எஃப்பி-10 பக்கம் சாய்வேன். அறை மிகக் குறுகலாக இருந்தால் கேசியோ. அதன் ஆழம் வெறும் 23 சென்டிமீட்டர்தான். ஆனால் என் விருப்பத்தைவிட, அணைத்துவிட்டு வாசித்த சோதனையில் உங்கள் காதும் விரலும் சொன்னதற்கே மதிப்புக் கொடுங்கள்.

மர அலமாரிபோல் காலும் மூன்று பெடலும் சேர்ந்தே வரும் பெரிய வகை, சுமார் 40 கிலோவும், சிலவற்றில் அதற்கு மேலும் கனக்கும். சொந்த வீடாக இருந்தால் அது அழகு, ஆடாமல் நிற்கும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் பலகை வடிவக் கருவியையே வாங்குங்கள். வீடு மாற்றும்போது இருவர் தூக்கிக் காரின் பின் இருக்கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு போய்விடலாம்.

பட்ஜெட் போடும்போது கருவியின் விலையோடு நின்றுவிடாதீர்கள். ஸ்டாண்ட், இருக்கை, நல்ல பெடல், ஹெட்போன், தரைக்கான விரிப்பு எல்லாம் சேர்த்து எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை ஆகும். பணம் இழுத்துப்பிடித்தால் கருவியில் ஒரு படி குறைத்துக்கொண்டாவது நல்ல ஸ்டாண்டை வாங்குங்கள்.

5. வீட்டில் இடம், தரையில் தடுப்பு

88 கட்டைக் கருவி ஏறக்குறைய 132 சென்டிமீட்டர் அகலம், அதாவது நாலரை அடிக்குச் சற்றுக் குறைவு. ஆழம் ஓர் அடிக்குள். இருக்கையும் வாசிப்பவரும் சேர்த்தால் சுவரிலிருந்து மூன்றரை அடி வேண்டும். வாங்கும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள்; பீரோ கதவு திறக்கிறதா, கட்டிலைச் சுற்றி நடக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். லிஃப்ட் சிறியதாக இருந்தால் பெட்டி நுழையுமா என்பதையும் அளந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் படுக்கையறையோடு ஒட்டிய சுவரைத் தவிருங்கள். கான்கிரீட் தளம் நடுவில்தான் அதிகம் அதிரும். தூணும் பீமும் தாங்கும் ஓரங்களில் குறைவாக அதிரும். எனவே அறையின் நடுவைவிட, பீமுக்கு மேலுள்ள மூலையே நல்ல இடம். ஜன்னலுக்கு நேர் கீழேயும் வேண்டாம். ஆடிக் காற்றோடு வரும் சாரல் கட்டைகளுக்குள் இறங்கிவிடும். சமையலறை வாசலுக்கு எதிரே வைத்தால் தாளிப்பின் எண்ணெய்ப் புகை சில மாதத்தில் கட்டைகளில் பிசுக்காகப் படியும்.

இனி தடுப்பு. தத்துவம் எளிது: அதிர்வு தரையைத் தொடும் முன் ஒரு மென்மையான அடுக்கில் கரைய வேண்டும், அந்த மென்மையான அடுக்கின் மேல் கனமான, விறைப்பான ஒரு பலகை இருக்க வேண்டும். பஞ்சு மெத்தைமேல் ஸ்டாண்டின் காலை நேராக வைத்தால் கருவி ஆடும், அதிர்வும் கூடும். வெறும் பலகையைத் தரையில் போட்டால் பயனில்லை. இரண்டும் சேர வேண்டும்.

ஐந்தடிக்கு இரண்டடி அளவில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று வெட்டி வாங்குங்கள். ஸ்டாண்டின் கால்களும் பெடலும் அதற்குள் அடங்க வேண்டும். அதன் அடியில் விரிக்க நம் ஊரிலேயே இரண்டு நல்ல பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, மெத்தைக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் கலந்த தென்னைநார்த் தகடு. பொள்ளாச்சிப் பக்கம் நார்த் தொழில் இருப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. இன்னொன்று, மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் கனத்த ரப்பர் விரிப்பு. கால்நடைத் தீவனம், பண்ணைப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். கனம் அதிகம், ஆயுளும் அதிகம். புதிதில் ரப்பர் வாடை அடிக்கும். மொட்டை மாடி நிழலில் சில நாள் காயவைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் நார்த் தகடு, அதன்மேல் பிளைவுட் என்று மூன்றையும் அடுக்கினால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்து விரியுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் சறுக்கிக்கொண்டே போகும் பெடல் அதன்மேல் நிலையாக நிற்கும். ஆனால் ஜமக்காளம் மட்டும் போட்டு அதிர்வு நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு அந்தக் கனம் போதாது.

அடுக்கியதும் கீழ் வீட்டுக்குப் போய், "அக்கா, ஒரு ஐந்து நிமிடம் எங்கள் அறைக்கு நேர் கீழே உள்ள அறையில் இருந்து கேட்டுச் சொல்ல முடியுங்களா?" என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் ஹெட்போனோடு வலுவாக வாசிக்க, இன்னொருவர் கீழே நின்று போனில் சொல்லட்டும். மூலையை மாற்றி, அடுக்கை மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். பல பேருக்கு இதைக் கேட்கக் கூச்சம். ஆனால் முன்னதாகக் கேட்டவரிடம் கீழ் வீட்டாருக்கு எப்போதும் பொறுமை இருக்கும். சங்கக் கூட்டத்தில் புகார் வந்த பிறகு போய் நிற்பது வேறு விஷயம்.

6. ஸ்டாண்ட், இருக்கை, பெடல்

'எக்ஸ்' வடிவ மடக்கு ஸ்டாண்ட் மலிவு. ஆனால் வலுவாக வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும். நாலு காலில் நிற்கும் மேசை வடிவமோ, அந்த மாடலுக்கென்றே செய்த மர ஸ்டாண்டோ வாங்குங்கள். சாப்பாட்டு மேசைமேல் வைப்பது கூடவே கூடாது. மேசையே சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். கருவியின் உயரமும் சேர்ந்தால் தோள் தூக்கி வாசிக்க வேண்டிவரும். கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72 முதல் 74 சென்டிமீட்டரில் இருந்து, முழங்கையும் ஏறத்தாழ அதே மட்டத்தில் அமைய வேண்டும். இதற்கு ஏற்றி இறக்கும் இருக்கை அவசியம். சிறு பிள்ளையின் பாதம் தரையில் எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகையைக் காலடியில் போடுங்கள். கால் தொங்கினால் முதுகு வளையும்.

கருவியோடு இலவசமாக வரும் சிறிய பெட்டிப் பெடலை மாற்றிவிட்டு, பியானோவில் இருப்பதுபோன்ற உலோகப் பெடல் வாங்குவது நல்லது. வேறு நிறுவனத்தின் பெடல் சில கருவிகளில் தலைகீழாக வேலை செய்யும்: மிதித்தால் ஒலி அறும், காலை எடுத்தால் நீளும். அதைத் திருப்ப அடியில் ஒரு சிறு சுவிட்ச் உள்ள பெடலாகக் கேட்டு வாங்குங்கள்.

7. ஹெட்போன்

கம்பி உள்ளதுதான் வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாட்டுக் கேட்க அது தெரியாது, வாசிக்கும்போது விரலும் காதும் ஒட்டாது. 'புளூடூத் உண்டு' என்று கருவியில் எழுதியிருப்பது, கைப்பேசியில் உள்ள பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் ஒலிக்கவைக்கவோ, செயலியோடு இணைக்கவோதான். காதை முழுதாக மூடும் வகை, சுற்றுச் சத்தத்தையும் தடுக்கும். நம் வெயிலில் அரைமணிக்கு மேல் வியர்க்கும். துளைகள் உள்ள திறந்த வகை காற்றோட்டமானது, ஒலியும் இயல்பாக இருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் கேட்கும். தனி அறை இருந்தால் திறந்த வகையைப் பரிந்துரைப்பேன். இரண்டு துளை அளவுகள் உண்டு, 3.5 மற்றும் 6.35 மில்லிமீட்டர், ஒன்றை மற்றதில் பொருத்த உதவும் சிறு இணைப்பி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித்தருவதானால் இரண்டு ஹெட்போன் மாட்டும் வசதி பெரிய உதவி. பிள்ளைகளுக்கு ஒலி அளவைப் பாதிக்குமேல் போக விடாதீர்கள்.

8. நேரம்

ஒலி மாசுக் கட்டுப்பாட்டுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. அது பகுதியின் பொதுவான சத்தத்துக்கான அளவு. வீட்டுக்கு வீடு உறவு அதனால் நடப்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவரும், கோவையில் வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்பவரும் உங்கள் கட்டடத்திலேயே இருக்கலாம். எப்போது தூங்குவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஸ்பீக்கர், மற்ற நேரம் ஹெட்போன் என்பது பல வீடுகளில் ஒத்துவருகிறது. மார்ச் மாதம் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை கீழேயோ பக்கத்திலோ இருந்தால், அந்த மாதம் முழுக்க ஹெட்போன்தான்.

ஸ்பீக்கரில் வாசிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். அறையில் பரவும் ஒலியைக் கேட்டு வாசிக்காத பிள்ளை, மேடையில் பெரிய பியானோ முன் உட்காரும்போது திகைத்துவிடும்.

9. பழையது வாங்கினால்

நாலைந்து ஆண்டு ஓடிய கருவி பாதி விலையில் கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, ஒரே வலுவில் அழுத்துங்கள். ஒரு கட்டை மட்டும் பீரிட்டு ஒலித்தாலோ ஒலிக்காமல் போனாலோ உணரியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி சேர்ந்திருக்கிறது. சரி செய்ய முடியும், விலையில் குறைத்துக் கேளுங்கள். நடுப்பகுதிக் கட்டைகளில் 'டக்' ஓசை மற்றவற்றைவிட அதிகம் என்றால் கம்பளித் திண்டு தேய்ந்துவிட்டது. அடுக்குமாடிக்காரருக்கு அது பெரிய குறை. ஹெட்போன் துளையில் செருகி மெல்லத் திருப்பிப் பாருங்கள், கரகரக்கக் கூடாது. கருவியைக் கவிழ்த்து, எறும்புப் புற்று மண், எலிப் புழுக்கை ஏதும் உதிர்கிறதா என்றும் பாருங்கள். அடாப்டர் அந்தக் கருவியுடையதுதானா என்பதைப் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

10. வந்த பிறகு

பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் பத்திரப்படுத்துங்கள். சர்வீஸுக்கு அனுப்பவும் வீடு மாற்றவும் அது வேண்டும். பில்லில் வரிசை எண் எழுதியிருக்கிறதா, அருகில் சர்வீஸ் எங்கே என்பதைக் கடையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடி மாதக் காற்றில் தூசி ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் மூடிவிடுங்கள். சென்னிமலை போர்வை ஒன்று தாராளமாகப் போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். துடைக்க மென்மையான பனியன் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். தின்னர், ஸ்பிரிட் எதுவும் கட்டைமேல் படக் கூடாது. பலகாரத் தட்டைக் கருவியின் மேல் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். ஒரு துளி சர்க்கரைப் பாகு போதும், எறும்பு உள்ளே குடிபுகுந்துவிடும்.

மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். வீட்டு இன்வெர்ட்டரில் தயங்காமல் ஓட்டலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் பயிற்சி தடைபடாது. அடாப்டரை நேராகச் சுவரில் மாட்டாமல், மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் பலகை வழியாக மாட்டுங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடாப்டரையே பிளக்கிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.